இழைப்பு மெஷின் பார்க்கப் போகிற தியென்

நெற்றி விளக்கை எரியவிட்டு, மரம் சீவும் இழைப்பு மெஷினின் பேரிங் துளைக்குள் தியென் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு கண்ணை மூடியிருக்கிறார். நாக்கு நுனி உதட்டோரம் வந்து நிற்கிறது. வாடிக்கையாளரின் காதில் அழுக்கெடுக்கும்போது அவர் முகம் எப்படி இருக்குமோ, இப்போதும் அப்படியேதான் இருக்கிறது. விளக்கும் அதே விளக்கு. கையிலிருப்பதும் நுனியில் வாத்து இறகு வைத்த காதுக்குச்சிதான். அதைத் துளைக்குள் விட்டு மெதுவாகச் சுழற்றி வெளியே எடுத்து, ஒட்டியிருக்கும் கறுப்பு மசகை மோந்து பார்க்கிறார்.

“சரியில்ல,” என்கிறார்.

“என்னண்ணே சரியில்ல?” என்று கேட்கிறாள் துயேன். பியென் ஹோவா நகரத்து நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் இந்தப் பழைய எந்திரத் திடல் அவளுடையது. ஜப்பானில் இழுத்து மூடிய தச்சுப் பட்டறைகளின் ரம்பங்களும் இழைப்பு மெஷின்களும் கன்டெய்னரில் ஏறி வந்து இங்கேதான் குவிகின்றன.

“இதோட பழைய சொந்தக்காரன் கோவக்காரன்.”

“அதுவும் காதுக்குள்ள தெரியுதா?”

“திருகைப் பாரு தங்கச்சி. தலையெல்லாம் மழுங்கிப்போய்க் கெடக்கு. பொண்டாட்டிகிட்ட சண்டை போட்டுட்டு வந்து இதுமேல காட்டியிருக்கான். கோவக்காரன் வச்சிருந்த மெஷின் நமக்கு ஆகாது.”

“அந்தப் பக்கம் நிக்கிறது?”

“அது இடதுகைக்காரன் மெஷின்.”

“அதுக்கு அடுத்தது?”

“அவன் நல்ல மனுஷன். ஆனா சோம்பேறி. எண்ணெயே விட்டதில்ல.”

தியென் விளக்கை அணைத்து, குச்சியைத் துடைத்துச் சட்டைப் பையில் செருகி, “அடுத்த மாசம் பாப்போம்மா” என்று ஸ்கூட்டரைக் கிளப்புகிறார். அவர் திருப்பத்தைத் தாண்டுவதற்குள் துயேன் பழைய செய்தித்தாள் ஒன்றைச் சுருட்டிக் கொளுத்தி, வாசலில் இப்படியும் அப்படியும் ஆட்டி, கீழே போட்டுத் தாண்டுகிறாள். வேலையாட்களையும் வரிசையாகத் தாண்டச் சொல்கிறாள். தியென் அந்தப் புகையை ஸ்கூட்டர் கண்ணாடியில் பலமுறை பார்த்திருக்கிறார். திடலில் குப்பை கொளுத்துகிறார்கள் என்றுதான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தார்.

இதில் இரண்டு பேர் மீதும் தப்பில்லை. தியென் முடிதிருத்துபவர்; காதில் அழுக்கெடுப்பதும் அந்த ஊரில் அந்தத் தொழிலோடு சேர்ந்ததுதான். அவருக்கு ஓய்வு கிடைப்பது சந்திர மாதத்தின் முதல் நாளில் மட்டும். அன்றைக்கு முடி வெட்டினால் அந்த மாதத்து அதிர்ஷ்டமும் சேர்ந்தே வெட்டுப்பட்டுப் போகும் என்று ஊரில் ஒரு தலையும் அவர் கடைப் பக்கம் திரும்பாது. அதே முதல் நாள் காலையில்தான் ஊரிலுள்ள வியாபாரிகள் எல்லோரும் முதல் போணிக்காக வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். முதலில் வருகிற ஆள் மறுபேச்சில்லாமல் எதையாவது வாங்கிப் போனால் மாதம் முழுக்கக் கல்லா நிறையும். எல்லாவற்றையும் தொட்டுத் தடவிவிட்டு வெறுங்கையோடு போனால் மாதம் அம்பேல். அந்தப் பீடையைக் கழிக்கத்தான் நெருப்பைத் தாண்டுவது. தியென் வேலையில்லாமல் சீக்கிரமே எழுந்து, காபி குடித்து, திடலுக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றுவிடுவார். வந்து, ஒன்றும் வாங்காமல் போய்விடுவார்.

அவர் கடை காய்கறிச் சந்தைக்குப் பின்புறம் இருக்கிறது. ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, மூலையில் அவர் மனைவி லோவான் பெண்களுக்குத் தலை அலசிவிடும் சாய்வுக் கட்டில். காத்திருப்பவர்கள் உட்கார ஒரு முக்காலி. அதை தியெனே செய்தார். செய்யும்போது அதற்கு நாலு கால் இருந்தது. தரையில் ஆடுகிறதே என்று ஒரு காலைக் குறைத்தார், பிறகு மற்றொன்றைக் குறைத்தார், அப்படிக் குறைத்துக் குறைத்து வந்ததில் ஒரு கால் தரைக்கே எட்டாமல் போனது. கடைசியில் அதை அடியோடு எடுத்துவிட்டார். ஆச்சரியம், அதன் பிறகு அது ஆடவில்லை. அந்த வெற்றியில்தான் தச்சுப் பட்டறை வைக்கும் ஆசை பிறந்தது.

“முடி வெட்டுறது நல்ல தொழில்தான்,” என்பார். “ஆனா செஞ்ச வேலை நிக்கிறதில்ல. இன்னிக்கு வெட்டி அனுப்பினா, அடுத்த மாசம் அதே மண்டை அப்படியே வந்து உக்காருது. வளராத ஒண்ணை வெட்டணும்னு ஆசை. அவ்வளவுதான்.”

அவருடைய இடது முன்கையில் ஒரு முடிகூடக் கிடையாது. திடலில் எந்த மெஷினைப் பார்த்தாலும் முதலில் கத்தியைக் கழற்றித் தரச் சொல்வார். வாங்கித் தன் கையில் ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பார். மழுங்கிய கத்தியாக இருந்தால் முகம் சுளிப்பார். கூர்மையாக இருந்தால் சந்தேகப்படுவார். “விக்கிறதுக்காகத் தீட்டியிருக்காங்க.”

கடையில் மெஷின் பேச்சு ஆரம்பித்துவிட்டால் வாடிக்கையாளர் கவலைப்பட வேண்டியதுதான். பட்டை ரம்பம் எப்படி வளைந்து வளைந்து அறுக்கும் என்று விவரிக்கும்போது கத்தரிக்கோலும் கூடவே வளையும். ஒருமுறை ஒரு பையன் நாற்காலியில் உட்கார்ந்ததுமே கும்பிட்டான். “அண்ணே, இன்னிக்கு ஒருநாள் மெஷின் பேச்சு வேணாம். நாளைக்கு எனக்குக் கல்யாணம்.” தியென் வாயை மூடிக்கொண்டு வெட்டினார். அன்று வெட்டியதுதான் அந்த வருடத்திலேயே அவர் வெட்டிய நல்ல முடி என்று லோவான் சொல்கிறாள்.

கடையை ஒட்டி ஒரு அறை உண்டு. முன்பு வாடகைக்கு விட்டிருந்தார்கள். பட்டறைக்கு என்று தியென் அதைக் காலி செய்து, சுவருக்கு வெள்ளை அடித்து, மெஷின் நிற்க வேண்டிய இடத்தில் தரையில் சாக்பீஸால் ஒரு சதுரம் போட்டுவைத்தார். மழைக்காலத்தில் சாக்பீஸ் கோடு அழிந்தது. மறுபடி போட்டார். சதுரத்துக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது. லோவான் துணி காயப்போட உள்ளே போனால்கூடச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

“என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பவும் இப்படித்தான்,” என்று தலை அலச வருகிற பெண்களிடம் லோவான் சொல்வாள். “வருவாரு, டீயைக் குடிப்பாரு, போயிடுவாரு. எங்கப்பா கடைசியில, ‘தம்பி, நீ கூட்டிட்டுப் போறியா, நான் வேற ஆளுக்குச் சொல்லட்டுமா’ன்னு கேட்டதுக்கப்புறம்தான் வாயைத் தொறந்தாரு.”

“தொறந்து என்ன சொன்னாரு?”

“பல் எல்லாம் சொந்தப் பல்லான்னு கேட்டாரு.”

நண்டுச் சாறு ஊற்றி அரிசிச் சேவை விற்கும் மோ அந்த அறையின் மேல் கண் வைத்து ரொம்ப நாளாகிறது. சந்தை வாசலில் குடைக்கு அடியில் வியாபாரம் செய்கிறவள். மழை வந்தால் சாற்றில் பாதி தண்ணீராகிவிடும். வாடகை இவ்வளவு தருகிறேன், கூடவே தினமும் இரண்டு கிண்ணம் சேவை தருகிறேன் என்று லோவானிடம் பேசிவிட்டாள். லோவானுக்கு வாடகையைவிடக் கிண்ணம் பெரிதாகத் தெரிந்தது. தலை அலசி அலசி ஊறிப்போன கையோடு மத்தியானம் அடுப்பு மூட்டுவது அவளுக்குச் சலித்துவிட்டது.

போன மாதம் தியென் திடலிலிருந்து வெறுங்கையோடு திரும்பியபோது லோவான் வாசலிலேயே நிறுத்திக் கேட்டாள்.

“இந்தத் தடவ என்ன? சொந்தக்காரன் குடிகாரனா?”

“இல்ல, சோம்பேறி.”

“இந்தாங்க, ஒண்ணு சொல்றேன். அடுத்த முதல் நாள் பொழுது சாயறதுக்குள்ள இந்த ரூம்ல மரச்சீவல் விழணும். விழலேன்னா மறுநாள் காலையில இங்க நண்டு கொதிக்கும். மோகிட்ட வாக்குக் குடுத்துட்டேன்.”

“அவசரப்பட்டு வாங்கற சாமானா அது?”

“நான் அவசரப்படல. சாக்பீஸ்தான் தீந்துபோச்சு.”

தியென் கஞ்சரில்லை. பணம் தனியாக எடுத்துவைத்து நாளாகிறது. பயம்தான். மெஷின் வாங்காத வரையில் அவர் மனதுக்குள் செய்கிற மேசைகள் எல்லாம் ஆடாமல் நிற்கும். அலமாரிக் கதவுகள் எல்லாம் சத்தமில்லாமல் மூடும். வாங்கிவிட்டால் உண்மையிலேயே ஒரு மேசை செய்ய வேண்டிவரும். அது ஆடினால் நாலு பேர் பார்ப்பார்கள். பழைய சொந்தக்காரன் கோபக்காரன், சோம்பேறி என்றெல்லாம் அவர் சொல்வது பொய்யில்லை, அவர் அதை நம்பவும் நம்பினார். ஆனால் ஒவ்வொரு மெஷினிலும் ஒரு குறை கண்டுபிடித்த பிறகு அவர் வீட்டுக்கு வரும்போது வயிற்றில் ஒரு நிம்மதி இருக்கும். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அறை போய்விடும் என்று ஆனபிறகு அந்த நிம்மதி இருந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. இரவெல்லாம் மூக்கில் நண்டு வாசனை அடித்தது.

முதல் நாள் வந்தது. திடலில் துயேனும் அன்று ஒரு முன்னேற்பாடு செய்திருந்தாள். நல்ல ராசிக்காரர் என்று பேர் வாங்கிய ஒரு லாட்டரிச்சீட்டுக்காரரை விடியற்காலையில் வந்து ஏதாவது ஒரு திருகாணியாவது வாங்கிப் போகச் சொல்லிக் கேட்டிருந்தாள். ஏனென்றால் அன்று முற்பகல் ஒரு மரச்சாமான் தொழிற்சாலை முதலாளி வருகிறார். முந்தின நாள் இறங்கிய கன்டெய்னர் சரக்கில் மிச்சமிருக்கும் அத்தனையையும் மொத்தமாகப் பேசி முடிக்க. அப்படிப்பட்ட நாளில் காலைப் போணி கெட்டால் அவள் தாங்கமாட்டாள். வெளிக்கதவைப் பூட்டிவைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்திருக்கும் பானை வயிற்றுப் பூமி சாமிக்கு ஊதுவத்தி ஏற்றி, ஐஸ் காபி வைத்து, சிகரெட் ஒன்றையும் பற்றவைத்துக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தாள்.

லாட்டரிச்சீட்டுக்காரர் தூங்கிவிட்டார். கதவுக் கம்பிகளுக்கு நடுவில் ஒரு நெற்றி விளக்கு தெரிந்தது.

துயேன் சாமி பின்னால் ஒளிந்துகொள்ளப் பார்த்தாள். சாமி அவ்வளவு உயரமில்லை.

“தங்கச்சி, புதுசா இழைப்பு மெஷின் எதாச்சும் வந்திருக்கா? என்ன வெலை?”

துயேன் ஊதுவத்தியைப் பிடித்தபடியே தலையில் கை வைத்தாள். “வெலை கேட்டுட்டீங்களா?”

“கேட்டேன். ஏன்?”

“நான் கதவைத் தொறக்கவே இல்லையேண்ணே. வெளியில நின்னே கேட்டுட்டீங்களே.”

“சரி, மத்தியானமா வரவா?”

“இனி எப்ப வந்தா என்ன? முதல்ல வெலை கேட்டவர் நீங்கதான். மாசத்தைத் தொறந்தாச்சு. இன்னிக்குத் தொழிற்சாலைக்காரர் வேற சரக்கு எடுக்க வர்றாரு.” அவள் கதவருகே வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “அண்ணே, உள்ளதச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நீங்க போனதுக்கப்புறம் நான் ஒவ்வொரு தடவையும் காகிதம் கொளுத்தறேன்.”

“அது குப்பை இல்லையா?”

“குப்பை இல்ல. நீங்க.”

தியென் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குக் கோபம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. இத்தனை மாதமாகக் கண்ணாடியில் பார்த்த புகை ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்தது. முதல் நாளன்று யாராவது தன் கடைக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, கத்தரிக்கோலைத் தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்து போனால் தனக்கு எப்படி இருக்கும் என்று யோசித்தார். தானும் கொளுத்தியிருப்பார்.

“இப்ப நான் என்ன செய்யணும்?”

“வாங்கணும். பேரம் பேசக் கூடாது. பாக்கக் கூடாது. விளக்கக் கழட்டிப் பையில போடுங்க. தார்பாய் மூடி ஒரு இழைப்பு மெஷின் நிக்கிது. பணத்தைக் குடுத்துட்டு எடுத்துட்டுப் போயிருங்க.”

“பாக்காமயா?”

“பாக்காமத்தான். முதல் போணி நோண்டிப் பாத்தா நிக்காது.”

“ஒரே ஒரு காதை மட்டும் பாத்துக்கறேனே.”

“ஒரு காதும் கிடையாது.”

“அந்தத் தொழிற்சாலைக்காரர் வந்து போன பிறகு மிச்சம் எதாச்சும்…”

“அவர் மிச்சம் வைக்க வரல. அடுத்த கன்டெய்னர் அடுத்த மாசம்தான்.”

அடுத்த மாதம் என்ற சொல் தியென் வாயில் எத்தனையோ தடவை இனித்திருக்கிறது. அன்று இனிக்கவில்லை. நாளைக் காலையில் தன் வெள்ளைச் சுவரில் நீராவி படிவதை அவர் பார்த்துவிட்டார். விளக்கைக் கழற்றினார். பையில் போட்டார். பணத்தை எடுத்துக் கம்பி வழியாக நீட்டும்போது, ஊசி போட்டுக்கொள்கிறவரைப் போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். துயேன் இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றி, சாமி முன்னால் வைத்தாள். அதன் பிறகே கதவு திறந்தது.

வண்டி கிடைக்க மத்தியானம் தாண்டிவிட்டது. மூன்று சக்கர வண்டியில் தார்பாயோடு கட்டியே மெஷினை ஏற்றினார்கள். தியென் ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்தார். தார்பாயின் ஒரு முனை காற்றில் தூக்கும்போதெல்லாம் பச்சை வண்ணம் கொஞ்சம் தெரிந்தது. அதைப் பார்க்கக் கழுத்தை நீட்டியதில் இரண்டு தடவை வண்டியிலேயே மோதப் பார்த்தார்.

அறைக்குள் இறக்கி, சாக்பீஸ் சதுரத்தின் மேல் வைத்தபோது தெருவே வந்து நின்றது. முதல் நாளாயிற்றே, யாருக்கும் முடி வெட்டிக்கொள்கிற வேலை இல்லை. தார்பாயை எடுத்தார்கள். கனமான வார்ப்பிரும்பு மேசை, நடுவில் அகன்ற வாய், பக்கவாட்டில் ஜப்பானிய எழுத்து. தியென் விளக்கை மாட்டிக்கொண்டு துளைகளுக்குள் பார்த்தார். மசகு சுத்தம். திருகுகள் சுத்தம். கத்தி முன்கையில் பட்டதும் பட்டுப்போல ஓடியது. வேறு முடி இல்லாததால் வண்டிக்காரரின் கையிலும் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துக்கொண்டார். குறை என்று சொல்ல ஒன்றுமே இல்லை; கத்தியைத் திரும்ப மாட்டினார்.

“ஓட விடுங்கண்ணே,” என்றார் வண்டிக்காரர், கையைத் தடவியபடி.

தியென் மெஷினின் பின்புறம் தொங்கிய ஒயரைச் சுவர்ப்பக்கம் இழுத்தார். பிளக்கை வெட்டிவிட்டுத்தான் ஜப்பானிலிருந்து அனுப்புவார்கள். வெட்டிய நுனியில் நாலு ஒயர் விரிந்து நின்றது. சுவரில் இருந்தது இரண்டு துளை. தியென் நாலையும் பார்த்தார், இரண்டையும் பார்த்தார்.

“அண்ணே,” என்றார் வண்டிக்காரர். “இது த்ரீ பேஸ். ஐஸ் ஃபேக்டரிக்குச் சாமான் ஏத்தும்போது பாத்திருக்கேன். வீட்டு கரண்டுல அசையாது.”

கூட்டத்தில் யாரோ பின்னாலிருந்து இருமினார்கள்.

தியென் துயேனுக்குப் போன் செய்தார். அந்தப் பக்கம் சிரிப்பும் லாரிச் சத்தமுமாக இருந்தது. தொழிற்சாலை முதலாளி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டாராம். போனமுறை வாங்கிய பழைய பாக்கியையும் கேட்காமலே கொடுத்துவிட்டாராம்.

“தங்கச்சி, இது த்ரீ பேஸ்னு ஒரு வார்த்த சொல்லலியேம்மா.”

“பட்டறைன்னு சொன்னீங்க. பட்டறைன்னா த்ரீ பேஸ் லைன் இழுத்திருப்பீங்கன்னு நெனச்சேன். ஏண்ணே, இத்தன மாசமா வர்றீங்க. அதோட அப்பன் யாரு, ஆத்தா யாரு, கோவம் வருமா வராதான்னு எல்லாம் கேட்டீங்க. அது என்ன சாப்பிடும்னு ஒருநாளாச்சும் கேட்டீங்களா?”

தியென் வெட்டுப்பட்ட ஒயரை மறுபடி எடுத்துப் பார்த்தார்.

“கவலப்படாதீங்க. வீட்டு கரண்டுல ஓடற மோட்டார் ஒண்ணு இங்க கெடக்கு. ஆளு லீவு. ரெண்டு நாள்ல மாட்டித் தரச் சொல்றேன். அப்புறம் அண்ணே, அடுத்த முதல் நாளும் நீங்களே வாங்க. காலையிலயே, முதல் ஆளா.”

“எதுக்கு? மெஷின்தான் வாங்கியாச்சே.”

“திருகாணி வாங்குங்க. லாட்டரிக்காரரை நிறுத்திட்டேன்.”

இரண்டு நாள் என்பது தியெனிடம் இல்லை. வெயில் ஏற்கெனவே சந்தைக் கூரைக்குப் பின்னால் சாய்ந்துகொண்டிருந்தது. கூட்டம் கலைந்தது. மோ சாறு காய்ச்சும் பெரிய பானையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள், எங்கே வைத்தால் சரியாக வரும் என்று பார்க்க. அறையை ஒரு சுற்றுச் சுற்றினாள். மெஷினின் இரும்பு மேசையை உள்ளங்கையால் தடவினாள்.

“அண்ணே, இதை வேணா இங்கயே விட்டுடுங்க. எவ்வளவு மட்டமா இருக்கு. பானைய இதுமேலயே வச்சுக்குவேன், சாறு ஒரு சொட்டு சிந்தாது.”

தியென் அவளைப் பார்த்த பார்வையில் மோ பானையைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு அடி நகர்ந்தாள்.

அவர் உட்கார்ந்து மெஷினின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினார். உள்ளே மோட்டாரையும் கத்தி உருளையையும் இணைக்கிற பெல்ட் இருந்தது. இரண்டு கையாலும் அதைப் பிடித்து இழுத்தார். உருளை கனமாக ஒரு சுற்று சுற்றியது. மறுபடி இழுத்தார், அது முனகியது. மூலையில் முக்காலிக்காக வாங்கி மீந்துபோன ஒரு பலகை கிடந்தது. அதை எடுத்து மேசை மேல் வைத்தார். பெல்ட்டை இழுத்தால் பலகையைத் தள்ள முடியவில்லை. பலகையைத் தள்ளப் போனால் பெல்ட் நின்றுவிட்டது. ஒரு கையால் இழுத்து ஒரு கையால் தள்ளிப் பார்த்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

“மோ, இதைக் கொஞ்சம் தள்ளு.”

“நானா? இது சீவிச்சுன்னா எனக்கு ரூம் போயிரும்.”

“தெரியும். தள்ளு.”

“நல்லாருக்குண்ணே நியாயம். என் தலைய நானே வந்து உங்க நாற்காலியில வைக்கணுமா?” என்று மோ கையைக் கட்டிக்கொண்டாள். ஆனால் கண் பலகை மேலேயே இருந்தது.

லோவான் இத்தனையையும் கடைப் பக்கத்து வாசற்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். திடலில் என்ன நடந்தது என்று வண்டிக்காரர் அவளிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். பார்க்காமல் வாங்கினாரா என்பதை மட்டும் அவள் மூன்று முறை கேட்டுவிட்டாள். இப்போது துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தாள். சாக்பீஸ் கோட்டைச் சுற்றிப் போகவில்லை, நேராக அதை மிதித்துக்கொண்டு வந்தாள். பலகையின் பின்முனையில் உள்ளங்கையை வைத்தாள்.

“எந்தப் பக்கம்?”

“அந்தப் பக்கம். மெதுவா. நான் சொல்லும்போது.”

“நீங்க சொல்லி முடிக்கறதுக்குள்ள இருட்டிரும். இழுங்க.”

தியென் இழுத்தார். லோவான் தள்ளினாள். பலகை ஒரு இடத்தில் திக்கி, அதிர்ந்து, பிறகு முன்னே நகர்ந்தது. இழுக்க, தள்ள. தலை அலசுகிற கைக்குப் பலம் இருக்கிறது. நாலைந்து இழுப்புக்குப் பிறகு மெஷினின் அடிவாயிலிருந்து ஏதோ ஒன்று கீழே விழுந்தது. மூன்று பேரும் குனிந்தார்கள். சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு மரச்சீவல், ஓரம் பிய்ந்துபோய்க் கிடந்தது.

“இதெல்லாம் ஒரு சீவலா?” என்றாள் மோ. “இதைவிடப் பெருசா என் கருவாட்டுல உரியும்.”

“விழுந்துச்சா இல்லையா?” என்றாள் லோவான்.

மோ வெளியே எட்டி வானத்தைப் பார்த்தாள். வெயில் இன்னும் ஒரு கோடு மிச்சமிருந்தது. “விழுந்துச்சு,” என்று பெருமூச்சு விட்டாள்.

“காலையில எங்க கடை முன்னாடி கூரைக்குக் கீழ போட்டுக்க,” என்றாள் லோவான். “முடி வெட்ட வர்றவங்க எட்டு மணிக்கு முன்னாடி வர மாட்டாங்க. வாடகை வேணாம்.”

“கிண்ணம்?”

“கிண்ணம் ரெண்டு. அதுல மாத்தமில்ல.”

மோ பானையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். போகிற வழியில் மழை வந்தால் என்ன செய்வது, கூரை ஓரம் எவ்வளவு தூரம் வரும் என்று தனக்குத்தானே பேசிக்கொண்டே போனது கேட்டது.

தியென் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். உள்ளங்கை இரண்டும் பெல்ட்டின் கறுப்பு ஏறிச் சிவந்திருந்தன. இந்தப் பலகையை முழுதாகச் சீவி முடித்தால் அதை வைத்து என்ன செய்வது என்று யோசித்தார். எதைச் செய்தாலும் ஆடும் என்று தோன்றியது. முதல்முறையாக அது பரவாயில்லை என்றும் தோன்றியது.

லோவான் வெளியே போய், கடையிலிருந்து ஒரு மூங்கில் கூடையைக் கொண்டுவந்தாள். சீவல் விழுந்தால் அறையெல்லாம் பறக்கும், கூட்டுகிறவள் நான்தானே என்று முணுமுணுத்தபடி, அதை மெஷினின் அடியில், பலகை உள்ளே போகிற பக்கமாக வைத்தாள். ஒரு தட்டுத் தட்டிச் சரிசெய்தாள். இதுதான் சரியான இடம் என்பதுபோலத் தலையசைத்துவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கடைப் பக்கம் திரும்பினாள்.

அவள் வாசற்படி தாண்டுகிற வரைக்கும் தியென் காத்திருந்தார். பிறகு, சத்தம் வராமல், காலாலேயே கூடையை மெல்ல நகர்த்தி, சீவல் விழுந்த பக்கமாக வைத்தார்.